கார்குழலியின் நோட்டுப் புத்தகம்

என் அண்ணன் மகன் பேஸ் கிடார் வாசிக்கிறவன். தோப்பும்படியில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேராகச் சேர்ந்து சாயங்காலங்களில் பழகுகிறார்கள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கஞ்சிப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் வாடியிருந்தது. "அத்தை, பாடுறவரும் போயிட்டாரு, லீட் கிடார் வாசிக்கிறவரும் போயிட்டாரு. மிச்சம் இருக்கிறவங்க சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டா, அது அதே பேண்டுதானா?" என்று கேட்டான்.

அவன் தன் நண்பர்களைப் பற்றிக் கேட்கவில்லை. மதர்ஜேன் என்று கொச்சியில் 1996இல் தொடங்கிய ஒரு ராக் குழு உண்டு. 2008இல் 'மக்தூப்' என்ற ஆல்பம் போட்டார்கள். பைஜு தர்மஜன் கிடாரில் நம் கமகத்தைக் கொண்டுவருவார், சூரஜ் மணி பாடுவார். பிறகு இருவரும் அடுத்தடுத்து விலகிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் புதுக் குரலைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்கள். என் மருமகனுக்கு அது ஆறாத துக்கம். உலகத்துக் கதையெல்லாம் எடுத்துப் போட்டான். ஏசி/டிசி என்ற குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார், அதே வருஷம் ஜூலையில் புதுப் பாடகரோடு 'பேக் இன் பிளாக்' வந்து உலகமெங்கும் விற்றது. பம்பாயின் இண்டஸ் க்ரீட் 1995இல் ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்தது. பாதிப் பேர் மாறி, 2012இல் 'எவால்வ்' என்று மறுபடி வந்தது. "வந்தாங்க அத்தை, ஆனா திரும்பி வந்தாங்களா?" என்றான்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் இதே கொச்சியின் மட்டாஞ்சேரியில், அவன் தினமும் ஸ்கூட்டரில் கடக்கிற தெருவில், ஒரு பாட்டுக் கூட்டம் இருந்தது. ஒன்றிரண்டு பேரை இழந்த கூட்டம் இல்லை அது. ஊரையே இழந்தது. ஐம்பது வருஷம் கழித்து 2004இல் அவர்களுக்கும் ஒரு ஆல்பம் வந்தது, ஜெருசலேமில். 'ஓ, லவ்லி பேரட்!' என்று பெயர். அழகான கிளியே என்று அர்த்தம். கேரள யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகள்.

எனக்கும் யூதத் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் வண்ணார். டச்சுக்காரர்கள் பட்டாளத்துத் துணி வெளுக்க எங்கள் முன்னோரைத் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவந்தார்கள் என்று எங்கள் வெளித் தெருவில் பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் இன்னமும் தமிழ்தான். 1976இல் தோபிகானா கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் குளங்களில்தான் துவைத்தோம். துணி காயப்போட எங்களுக்கு க்ளிப் கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிறு கட்டி, முறுக்கை விரலால் லேசாகப் பிரித்து, துணி முனையைச் செருகுவோம். கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் பிடி விடாது.

அப்பா யூதத் தெருவில் சில வீடுகளுக்கு வெளுத்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மூட்டை போய்ச் சேர வேண்டும். பொழுது சாய்ந்தால் சபாத் தொடங்கிவிடும், பிறகு காசு தொடமாட்டார்கள். மூட்டை தூக்கியபடி நானும் கூடப் போவேன். 1968இல் பரதேசிப் பள்ளிக்கு 400 வருஷம் நிறைந்தது. இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். எனக்குப் பதினொரு வயது. அந்த டிசம்பரில் அப்பா போட்ட கஞ்சியும் நீலமும் அவர் வாழ்நாளில் வேறு எப்போதும் போட்டதில்லை. பள்ளி என்று நாங்கள் சொல்வது அவர்களுடைய ஜெபாலயத்தை. மலையாளத்தில் மசூதியும் பள்ளி, மாதா கோவிலும் பள்ளி, யூதர்களுடையதும் பள்ளி.

பிறகு நான் பி.காம். படித்து, அதே தெருவில் ஒரு மிளகு கோடவுனில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். ஆகவே அந்தத் தெரு எனக்குத் துணியாகவும் தெரியும், மிளகாகவும் தெரியும். பாட்டாகத் தெரிய வந்தது தாமதமாக.

யூதர்கள் கேரளத்துக்கு எப்போது வந்தார்கள் என்பதில் பல கதைகள் உண்டு. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி ஒரு செப்பேடு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்குக் கொடுத்தது. வட்டெழுத்தில் இருக்கிறது. மொழி பழைய மலையாளம் என்பார்கள். தமிழ் தெரிந்தவர் காதில் விழுந்தால் பாதிக்கு மேல் தமிழாகவே கேட்கும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும், 72 விடுபேறும் அதில் கொடுக்கப்படுகின்றன. என்னென்ன என்று பார்த்தால் பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று வருகிற வரிசையில் வடுகப்பறையும் காகளமும் இருக்கின்றன. அதாவது பறை கொட்டவும் எக்காளம் ஊதவும் உரிமை. ஒரு சமூகத்தின் மிகப் பழைய பத்திரத்திலேயே வாத்தியம் வாசிக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் சாதிக்குத் தெருவில் மேளம் கொட்டிப் போக எவ்வளவு காலம் பிடித்தது என்று அறிந்தவள் நான். அந்த வரியின் கனம் எனக்குப் புரியும்.

16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த யூதர்கள் நிலைகெட்டுக் கொச்சிக்கு வந்தார்கள். ராஜா தன் அரண்மனைக்கு அடுத்தாற்போலவே இடம் கொடுத்தார். 1568இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. அரண்மனைக் கோவிலின் மணியும் பள்ளியின் ஜெபமும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். யூதர்களின் தலைவருக்கு ராஜா கொடுத்த பட்டம் முதலியார். இதைச் சொன்னால் தமிழ்நாட்டு உறவுக்காரர்கள் நம்பமாட்டார்கள், உண்மை அதுதான்.

மட்டாஞ்சேரியில் மட்டும் மூன்று பள்ளிகள். பரதேசிப் பள்ளி, கடவும்பாகம், தெக்கும்பாகம். கடவு என்றால் தோணித்துறை, துறைப் பக்கத்துப் பள்ளி. மற்றது தெற்குப் பக்கத்துப் பள்ளி. எர்ணாகுளத்தில் இதே பெயர்களில் இரண்டு. பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. ஸ்பெயின், சிரியா, பாக்தாத் என்று பிந்தி வந்து சேர்ந்தவர்கள் பரதேசிகள். முன்பே இருந்தவர்கள் மலபாரிகள். இரண்டு தரப்புக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பரதேசிப் பள்ளிக்குள்ளேயே, அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்குச் சம இடம் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் சத்தியாகிரகம் செய்துதான் அந்த வேலியை அசைத்தார். யூத காந்தி என்று அவரைச் சொல்வார்கள். சாதி எங்கே போனாலும் துணியில் கறை மாதிரி ஏறிக்கொள்ளும் என்று அப்பா சொல்வார்.

ஆனால் பெண்களின் பாட்டில் அந்த வேலி நிற்கவில்லை. ஒரே பாட்டு பரதேசிப் பெண்ணின் நோட்டிலும் இருந்தது, மலபாரிப் பெண்ணின் நோட்டிலும் இருந்தது. கல்யாண உறவு வைக்காதவர்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தால், ஒருத்தி நின்று கேட்டிருக்க வேண்டும், இன்னொருத்தி நிறுத்தாமல் பாடியிருக்க வேண்டும்.

என்ன பாடினார்கள்? கல்யாணத்துக்குத்தான் முக்கியமாக. யூதக் கல்யாணம் நாட்கணக்கில் நடக்கும். மணப்பெண்ணின் கழுத்தில் தாலியும் உண்டு. அழகு, கூந்தல், நகை, மணமகன் வருகிற ஊர்வலம், எல்லாவற்றுக்கும் பாட்டு. ஆபிரகாம், யோசேப்பு என்று வேதக் கதைகளுக்கு நீண்ட பாட்டுகள். ஒவ்வொரு பள்ளிக்கும் அதைக் கட்டிய கதையைச் சொல்கிற பள்ளிப்பாட்டு. எவராயி என்ற கல்விமான் ஜெருசலேமிலிருந்து எகிப்து, ஏமன் வழியாக மலபாருக்கு வந்த பயணப் பாட்டு. வேடனுக்குத் தப்பிப் பறக்கும் கிளியைப் பற்றி ஒரு பாட்டு. மலையாளத்தில் கிளியை முன்னிறுத்திப் பாடுவது பழைய வழக்கம், எழுத்தச்சன் ராமாயணத்தையே கிளி வாயால் சொல்லவைத்தார். யூதப் பெண்களும் அந்த நாட்டுக்காரிகள்தானே.

வாத்தியம் கிடையாது. கைதட்டல்தான் தாளம். வட்டமாகச் சுற்றிவந்து பாடுவார்கள். எல்லாருக்கும் ஒரே மெட்டு, ஒரே வரி. ஒருத்திக்கு மறந்த சொல்லை அடுத்தவள் எடுத்துக்கொள்வாள், எங்கள் முறுக்குக் கயிறு துணி முனையைப் பிடித்துக்கொள்வது மாதிரி. உலகத்தின் பல பகுதிகளில் யூத ஆண்கள் பெண்குரலில் பாட்டுக் கேட்பதை மதச் சட்டம் தடுக்கிறது என்று விலகிப்போவார்கள். கொச்சியில் அப்படி இல்லை. ஆண்கள் இருக்கிற சபையிலேயே பெண்கள் குரலெடுத்துப் பாடினார்கள், ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பள்ளியில் கூட்டு ஜெபம் நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும், பெண்கள் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பாட்டுக்கு அந்தக் கணக்கும் இல்லை. இரண்டு பெண்கள் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். இதுதான் எனக்குப் பெரிய விஷயம். மலையாள எழுத்தில், சாதாரண நோட்டுப் புத்தகத்தில், தாயின் நோட்டைப் பார்த்து மகள், பாட்டியின் நோட்டைப் பார்த்துப் பேத்தி. சொற்கள் பழசாகிப் பொருள் மறந்துபோன பிறகும் எழுதினார்கள். பொருள் தெரியாததால் எழுத்து மாறியது. ஒரு நோட்டில் ஒரு சொல், இன்னொரு நோட்டில் அதே இடத்தில் வேறொரு சொல். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது தலைவலி. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். புரியாத சொல்லை விட்டுவிட்டுப் போவது எளிது. புரியவில்லை, ஆனாலும் அம்மா எழுதியிருக்கிறாள் என்று எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்கள். பிழையோடு எழுதிய அந்த வரிகளுக்கு முன்னால் நான் கைகூப்பத் தயார்.

1948 வாக்கில் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். இஸ்ரேல் உண்டானதும் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. யாரும் அவர்களை இங்கிருந்து துரத்தவில்லை. ஜெபத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊருக்குப் போகிறோம் என்றுதான் போனார்கள். ஆனால் உடனே போக முடியவில்லை. கொச்சி யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர். இங்கே அதை மந்து என்பார்கள். அந்த நோய் பரவிவிடுமோ என்று இஸ்ரேலில் தயங்கினார்கள். வீடு வாசலை விற்றவர்கள், எப்போது அழைப்பு வரும் என்று காத்திருந்தார்கள். 1953 முதல் 1955க்குள் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். மலபாரிப் பள்ளிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பரதேசிகள் மெதுவாக, ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். நான் துணி மூட்டை கொண்டுபோன வீடுகள் குறைந்துகொண்டே வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். வாரக் கணக்கில் ஒரு பெயரின் மேல் கோடு இழுப்பார்.

கடவும்பாகம் பள்ளியின் மர வேலைப்பாடுகளை 1990களில் கழற்றிக் கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்திவைத்தார்கள். மட்டாஞ்சேரியில் வெறுங்கூடாக நின்ற கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஆகஸ்ட் 30ஆம் தேதி, தெருவில் எம்ப்ராய்டரிக் கடை வைத்திருந்த சாரா கோஹன் 96 வயதில் காலமானார். 2024 ஆகஸ்டில் அதே தெருவின் குவீனி ஹலேகுவாவும் போனார்.

போனவர்களை நெகேவ் பாலைவனத்திலும் ஜெருசலேம் மலைச்சரிவிலும் விவசாயக் கிராமங்களில் குடியேற்றினார்கள். நெவாதிம், மெசிலத் சியோன், தாவோஸ், அவியேசர் என்று ஊர்ப்பெயர்கள். தென்னையும் காயலும் பார்த்து வளர்ந்தவர்கள் கோழி வளர்த்தார்கள், மணலில் பூச்செடி போட்டார்கள். பிள்ளைகள் ஹீப்ரு பேசின. நோட்டுப் புத்தகம் கூடவே போயிருந்தது, ஆனால் மகளுக்கு மலையாள எழுத்து வாசிக்கத் தெரியாது. பாட்டு நின்றது அங்கேதான் என்று நினைக்கிறேன். கப்பலிலோ விமானத்திலோ எதுவும் தொலையவில்லை. வாசிக்க ஆள் இல்லாமல் அலமாரியில் இருந்தது.

ரூபி டானியலைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1912இல் இந்தக் கொச்சியில் பிறந்தவர். பள்ளிக்குள் சம இடம் மறுக்கப்பட்ட அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தார். 1951இல் இஸ்ரேலுக்குப் போய் நியோத் மொர்தெகாய் என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், வாழ்ந்தார். பாட்டி வாயிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டுகளை, வயதான காலத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் துணையோடு 1995இல் 'ரூபி ஆஃப் கொச்சின்' என்று தன் நினைவுகளை வெளியிட்டார். தன் சமூகம் தன் குடும்பத்துக்குச் செய்த அவமானத்தை அதில் மறைக்கவில்லை, அந்தச் சமூகத்தின் பாட்டுகளைக் காப்பாற்றுவதையும் விடவில்லை. இரண்டையும் ஒரே மனசு செய்தது. 2002இல் இறந்தார். ஆல்பம் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

ஜான்சனும், ஷெர்லி ஐசன்பர்க் என்ற இன்னொரு ஆய்வாளரும், கேரளத்தில் பி.எம். ஜூசேயும் 1970கள் தொட்டு நோட்டுப் புத்தகங்களைத் தேடினார்கள். வீடு வீடாகப் போய், நகல் எடுத்து, வயதானவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஜூசே கிறிஸ்தவர். பிறகு அந்த வேலையில் காலடி சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தின் மலையாளப் பேராசிரியர் ஸ்கறியா சக்கறியா சேர்ந்தார், ஹீப்ரு தாய்மொழியாகக் கொண்டு மலையாளம் கற்றுக்கொண்ட ஓஃபிரா கம்லியேல் சேர்ந்தார். நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிழைக்குள் ஒளிந்திருந்த சொல்லைத் தேடினார்கள். ஒருத்தி தப்பாக எழுதியதை இன்னொருத்தியின் நோட்டு திருத்தியது.

இஸ்ரேலில் பாட்டிமார்கள் மறுபடி கூடிப் பாடத் தொடங்கினார்கள். இதைத்தான் என் மருமகனின் மொழியில் கம்பேக் என்று சொல்ல வேண்டும். 2004இல் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அந்த ஒலித்தட்டை வெளியிட்டது. அடுத்த வருஷம் சக்கறியாவும் கம்லியேலும் மலையாளப் பாட்டுகளை ஹீப்ரு மொழிபெயர்ப்போடு புத்தகமாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'கார்குழலி'.

ஆல்பத்தை எனக்குக் கேட்கக் கொடுத்தவனும் அவன்தான், அண்ணன் மகன். அவன் கேள்விக்கு நான் இந்தக் கதையைச் சொன்னபோது ராத்திரியோடு ராத்திரியாகத் தேடிப் பிடித்து, மறுநாள் போனில் போட்டுக் காட்டினான். தோபிகானாவின் கல்தொட்டிகளுக்கு நடுவே நின்று கேட்டோம். தனிக்குரல்களும் இருந்தன, கூட்டுக்குரல்களும் இருந்தன. கிழடு தட்டிய குரல்கள். மேல் ஸ்தாயி எட்டவில்லை. ஆனால் சொல்லைக் கடிக்கிற விதத்தில் ஒரு துளி சந்தேகமில்லை. "பேஸ் இல்ல, ட்ரம்ஸ் இல்ல, ஆனா தாளம் நகரவே இல்ல அத்தை" என்றான். தொட்டியில் துணி அடித்துக்கொண்டிருந்த என் சித்தி மகன் அடியை நிறுத்திவிட்டு, "இது நம்ம பக்கத்துப் பாட்டா?" என்று கேட்டான். தம்பிரான், திருமுடி என்று காதில் விழுந்தால் வேறென்ன நினைப்பான்.

அவர்கள் திரும்பி வந்தார்களா? நான் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பாட்டு வந்தது, பாடுகிற வேளை வரவில்லை. அந்தப் பாட்டுகள் யாரும் உட்கார்ந்து கேட்பதற்காகக் கட்டியவை அல்ல. மணப்பெண்ணுக்குத் தலை வாரும்போது கையோடு கையாகச் செய்கிற வேலை அது. கல்யாணம் இருந்தால்தான் கல்யாணப் பாட்டு. ஏசி/டிசிக்குப் புதுப் பாடகர் கிடைத்தார், அவர்களைக் கேட்க வந்த கூட்டம் கலையாமல் இருந்தது. இவர்கள் இழந்தது பாடகிகளை மட்டுமில்லை, அந்த வாசலை, அந்த முற்றத்தை, ஒரு வாரம் நீளும் கல்யாணத்தை. அதை ஒலித்தட்டு கொண்டுவராது. இருந்தாலும் அந்தத் தட்டை வெளியிட்டவர்கள் செய்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். கேட்க விரும்பும் பேத்திக்கு இனி வழி இருக்கிறது.

எங்கம்மாவும் பாடுவாள். கல்லில் துணி அடிக்கிற தாளத்துக்கு, நீளநீளமான பாட்டு. கொழுந்தியாவைக் கேலி செய்கிற பாட்டு, கப்பலில் வந்த பட்டாளத்துக்காரனைப் பற்றிய பாட்டு. அவளுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். பி.காம். படித்தவள், 31 வருஷம் அடுத்தவன் மிளகுக்கு நாள்வழி எழுதியவள். அம்மா பாட்டு ஒன்றைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. 1999இல் அவள் போனபோது பாட்டும் போய்விட்டது. இப்போது எனக்கு மிச்சம் இருப்பது அந்த அடியின் தாளமும், ஒன்றரை வரியும். யூதப் பெண்களின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி எனக்கு இத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் இதுதான்.

மட்டாஞ்சேரியில் நெகேமியா மூத்தா என்ற கவியின் கல்லறை இருக்கிறது. 1615இல் இறந்தவர். ஹீப்ருவில் பக்திப் பாடல் எழுதியவர். யூதர்கள் போய் இத்தனை காலமாகியும் அக்கம்பக்கத்தில் எல்லா மதத்தாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அம்மாவும் ஏற்றுவாள். அவர் பாட்டு எழுதியவர் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. கும்பிட்டால் கேட்பார் என்பது தெரியும்.

'கார்குழலி' என்ற தலைப்பைப் பார்த்த அன்று நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1996 ஜனவரி நினைவுக்கு வந்தது. புது மிளகு வரத்து தொடங்கியிருந்த மாதம். கோடவுன் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். தூசி மூக்கில் ஏறும், எல்லாரும் முந்தானையால் முகத்தை மூடியிருப்பார்கள். வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். எழுபது வயது இருக்கும், கவுன் போட்டிருந்தார், காலில் கான்வாஸ் ஷூ. நெவாதிமிலிருந்து வருவதாகச் சொன்னார். கடவும்பாகம் பக்கத்தில் இருந்த தன் வீட்டைத் தேடிக் காலையிலிருந்து நடக்கிறாராம். வீடு இல்லை, அங்கே சரக்குக் கொட்டடி இருக்கிறது என்றேன். "சாரமில்லா மோளே, கொறச்சு இருந்நோட்டே" என்றார். பரவாயில்லை மகளே, கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று. அவருடைய மலையாளம் என் பள்ளிக்கூட டீச்சர்கூடப் பேசாத பழைய மலையாளம்.

மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பைக்குள்ளிருந்து பாலிதீன் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார். அட்டை போய், காக்கித் துணி ஒட்டித் தைத்திருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கை பட்ட பழுப்பு. அதைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கைதட்டிப் பாடத் தொடங்கினார். முதலில் மெதுவாக. மிளகு புடைத்த பெண்களின் முறம் நின்றது. இரண்டாவது சுற்றில் ஒருத்தி கைதட்டினாள், மூன்றாவதில் எல்லாரும். வரி அவர்களுக்குத் தெரியாது, தாளம் பிடிபட்டுவிட்டது. மூக்கைப் பொத்தியிருந்த முந்தானைகள் இறங்கின.

பாடி முடித்ததும் நோட்டைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார். இந்தச் சொல் என்ன தெரியுமா மோளே, கல்யாணப் பெண்ணின் பேர் என்று அம்மா சொல்வாள், பேராகவே நினைத்துப் பாடி வந்தேன் என்றார். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். கார்குழலி. தமிழில் இது எங்களுக்குத் தெரிந்த சொல்தான் அம்மா, கார் என்றால் மழைமேகம், குழல் கூந்தல், மேகம் போல் கறுத்த கூந்தல் உள்ளவள் என்றேன். அவர் தன் நரைத்த தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்படியானால் இதன் பக்கத்தில் எழுது, எனக்குக் கை நடுங்குகிறது, என் பேத்திக்குக் காட்டணும் என்று நோட்டை நீட்டினார்.

நாள்வழி எழுதுகிற பேனாவால், ஓரத்தில், மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். மை காயவேண்டும் என்று நோட்டை மூடாமல் மடியில் விரித்தபடியே வைத்துக்கொண்டு, அவர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.